மடிப்புக் கேமராவில் பிலிம் போட்டு ராமநாதபுரம் கடற்கரையில் படம் எடுக்க: முதல் ரோலுக்கு முன் செய்ய வேண்டியவை

லென்ஸ் முன்னால் விரிந்து, வேலை முடிந்ததும் தட்டையாக மடியும் பழைய பிலிம் கேமரா என்னுடையது. மூன்று ரோல், 36 படம், அதில் உருப்படியாக வந்தது 5. தனுஷ்கோடியில் இரண்டு விடியற்காலை, தேவிபட்டினத்தில் ஒரு நாள், பாம்பனில் ஒரு சாயங்காலம், அவ்வளவும் போயிற்று. ஒவ்வொரு ரோலும் கெட்டதற்குத் தனித்தனிக் காரணம் இருந்தது, ஆனால் வீட்டில் அரை நாள் உட்கார்ந்து சோதித்திருந்தால் அத்தனையும் அங்கேயே பிடிபட்டிருக்கும். சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. நம் ஊர்ப் பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் ரோல் கழுவியவர்கள்தான், ஆனால் அதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அதனால் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே: முதல் ரோலைக் கடலுக்குக் கொண்டு போகாதீர்கள். வீட்டு மாடியிலும் தெருவிலும் எடுத்து முடியுங்கள்.

1. வாங்கும் முன் பிலிம் அளவைக் கேளுங்கள்

விற்பவர் கேமரா எவ்வளவு பளபளப்பு என்று சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது, இது 120 பிலிம் எடுக்குமா என்பதைத்தான். இன்று கடையில் புதிதாகச் சுலபமாகக் கிடைக்கும் அகல பிலிம் அது ஒன்றுதான். பழைய கோடாக் மடிப்புக் கேமராக்கள் பல 620 அளவுக்குச் செய்யப்பட்டவை. பிலிம் அகலம் ஒன்றுதான், ஆனால் 620 ஸ்பூல் (பிலிம் சுற்றியிருக்கும் உருளை) ஒல்லியானது, 120 ரோல் அந்தக் கேமராவுக்குள் உட்காராது. இருட்டில் பிலிமை வேறு ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றினால் வேலை செய்யும். புதியவருக்கு அது வேண்டாத தலைவலி. 116, 616, 127 என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆக்ஃபா ஐசொலெட், ஜெய்ஸ் ஐகான் நெட்டார், ஐகான்டா 521 மாதிரியானவை 120 எடுக்கும். அடுத்து, ஒரு ரோலில் எத்தனை படம் என்று பாருங்கள். 6-க்கு 9 சென்டிமீட்டர் அளவு என்றால் 8 படம், 6-க்கு 6 என்றால் 12, 6-க்கு 4.5 என்றால் 16. முதல் கேமராவுக்கு 6-க்கு 6 போதும். பெரிய 6-க்கு 9 நெகட்டிவைக் கையில் பிடித்துப் பார்க்கும் சந்தோஷம் தனிதான், ஆனால் பழகும் காலத்தில் 8 படத்துக்கு ஒரு ரோல் என்பது பையைக் காலி செய்துவிடும்.

என் கேமரா 4,500 ரூபாய், அதைச் சரிசெய்ய 1,500 ரூபாய் ஆனது. சரிசெய்யும் செலவைச் சேர்க்காமல் விலை பேசாதீர்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கம் பலருக்கு வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அவர்கள் வாங்கி வருவதாக இருந்தால் பில்லையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். கூரியரில் வெளிநாட்டிலிருந்து வந்தால் அடையாள, முகவரிச் சான்று கேட்பார்கள், சுங்க வரியும் தனியாக வரும். அந்தத் தொகையைக் கேட்டுக்கொண்டு அப்புறம் ஆர்டர் போடுங்கள்.

2. வீட்டில் நான்கு சோதனை

பிலிம் வாங்குவதற்கு முன் இந்த நான்கையும் முடியுங்கள். செலவு கிடையாது.

முதலாவது பெல்லோஸ். லென்ஸுக்கும் உடம்புக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக விரியும் அந்தத் துருத்திதான். இரவில் ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்துவிட்டு, கேமராவை முழுக்க விரித்து, பின்மூடியைத் திறந்து செல்போன் டார்ச்சை உள்ளே காட்டுங்கள். கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் பொறுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் மடிப்பு மூலைகளில் ஊசிக்குத்து மாதிரி வெளிச்சம் தெரியும். என் கேமராவில் ஏழு இடத்தில் தெரிந்தது, அதுவும் முதல் ரோல் வெள்ளைப் புகையாக வந்த பிறகு சோதித்தபோது. ஒன்றிரண்டு ஓட்டை என்றால் கறுப்புத் துணிப் பெயின்ட்டை மூலையில் மெல்லியதாகத் தடவி, விரித்தபடியே ஒரு நாள் காயவிடுங்கள். தடிமனாகப் பூசினால் மடியும்போது ஒட்டிக்கொள்ளும். மூலை எல்லாம் ஓட்டை என்றால் பெல்லோஸையே மாற்ற வேண்டும். அந்தக் கேமராவை வாங்காமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது ஷட்டர். லென்ஸோடு இருந்து, திறந்து மூடி வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு அதுதான். பின்மூடியைத் திறந்து, லென்ஸை வெளிச்சமான ஜன்னலுக்கு நேரே பிடித்து, பின்னாலிருந்து செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போனில், 1/25 நொடி வேகத்தில் ஷட்டர் திறந்திருப்பது ஏறத்தாழ 10 ஃபிரேமில் தெரிய வேண்டும், 1/50 வேகத்தில் 5. 1/25-இல் இருபது ஃபிரேம் தெரிந்தால் ஷட்டர் பாதி வேகத்தில்தான் ஓடுகிறது. 1/200 இந்த வழியில் சரியாக அளக்க வராது. பழைய ஷட்டர்களில் முதலில் சிக்கிக்கொள்வது ஒரு நொடி, அரை நொடி போன்ற மெதுவான வேகங்கள். பகல் வெளிச்சத்தில் அவை தேவைப்படாது, கவலை வேண்டாம். ஆனால் ஷட்டர் பிளேடில் எண்ணெய் விட்டு ஓட வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பிளேடுகள் காய்ந்த நிலையில் ஓட வேண்டியவை. எண்ணெய் பட்டால் ஒரு வாரம் ஓடும், அப்புறம் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

மூன்றாவது ஃபோகஸ். லென்ஸின் முன் வளையம் இலகுவாகத் திரும்ப வேண்டும். பழைய கிரீஸ் இறுகிப்போய் வளையம் அசையாத கேமராக்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. பலம் கொண்டு திருப்பினால் லென்ஸின் உள்பாகமே சேர்ந்து கழன்று, ஃபோகஸ் அளவு முழுக்க மாறிவிடும். திரும்புகிறது என்றால், அது காட்டும் தூரம் சரியா என்று பாருங்கள். பிலிம் உட்காரும் இடத்தில், பளபளப்பில்லாத செல்லோடேப்பை இழுத்து ஒட்டி, ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்துத் திறந்தபடி பிடித்து, அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செல்போன் டவரைக் காட்டுங்கள். வளையம் முடிவிலிக் குறியில் இருக்கும்போது டவர் அந்த டேப்பில் தலைகீழாக, கூர்மையாகத் தெரிய வேண்டும். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

நான்காவது, விரித்தபின் லென்ஸ் பலகை ஆடுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் படத்தில் ஒரு பாதி கூர்மையாகவும் மறு பாதி மங்கலாகவும் வரும்.

3. சிவப்பு ஜன்னலை மூடுங்கள்

பின்மூடியில் சிறிய சிவப்பு வட்டம் இருக்கும். பிலிமின் பின்னால் உள்ள காகிதத்தில் அச்சிட்ட எண் அதில் தெரியும். எத்தனையாவது படம் என்று அதைப் பார்த்துத்தான் சுற்ற வேண்டும். இந்தக் கேமராக்கள் வந்த காலத்தில் சிவப்பு வெளிச்சத்தை உணராத பிலிம்கள் நிறையப் புழங்கின. இன்றைய பிலிம்கள் பெரும்பாலும் சிவப்பையும் பதிவு செய்யும். நம் கடற்கரை வெயில் எவ்வளவு கடுமை என்று சொல்ல வேண்டியதில்லை. என் இரண்டாவது ரோலில் ஒவ்வொரு படத்தின் நடுவிலும் ஒரு வட்டக் கறை விழுந்தது இதனால்தான். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அந்த ஜன்னல் மேல் ஒட்டி, ஒரு முனையை மடித்து விடுங்கள், பிடித்துத் தூக்க வசதியாக இருக்கும். சுற்றும்போது மட்டும் உங்கள் நிழலில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். கேமராவிலேயே தள்ளுமூடி இருந்தாலும் டேப்பையும் ஒட்டுங்கள்.

4. என்ன பிலிம்

ஐ.எஸ்.ஓ. (பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாக உணரும் என்ற எண்) 100 அல்லது 125 வாங்குங்கள், கலர் என்றால் 200. 400 வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். பல மடிப்புக் கேமராக்களின் அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/300தான். தனுஷ்கோடிக்கு அப்பால் இருக்கும் அரிச்சல்முனை வெண்மணலில் 400 பிலிமுக்கு எஃப் 22-இல் (எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) 1/400 வேண்டும். உங்கள் கேமராவில் அந்த வேகமே கிடையாது. கறுப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ், ஃபோமாபான் 100, கலருக்கு கோடாக் கோல்டு 200 போதும். 120 அளவுதானா என்று ஆர்டர் போடும் முன் இரண்டு முறை பாருங்கள், 35 மில்லிமீட்டர் ரோலுக்கும் பெயர் அதேதான்.

பிலிமை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், எடுத்தவுடன் உறையைக் கிழிக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் உள்ளே வியர்த்துவிடும். இரண்டு மணி நேரம் வெளியில் வைத்து, அப்புறம் பிரியுங்கள். விமானத்தில் கொண்டுவந்தால் கைப்பையில் வையுங்கள், லக்கேஜில் போடாதீர்கள். மதுரை விமான நிலையமானாலும் வேறு எதுவானாலும் கையால் சோதிக்கும்படி மரியாதையாகக் கேளுங்கள்.

5. ரோல் போடுவது

நிழலில் மட்டும். வெயிலில் நின்றுகொண்டு போட வேண்டிய நிலை வந்தால் முதுகைச் சூரியனுக்குக் காட்டி, மடியில் துண்டை விரித்து உட்காருங்கள். காலி ஸ்பூல் சுற்றும் குமிழ் இருக்கும் பக்கம், புது ரோல் எதிர்ப்பக்கம். காகித நுனியைக் காலி ஸ்பூலின் துளையில் நுழைத்து இரண்டு சுற்று நேராக ஓடுகிறதா என்று பார்த்து மூடுங்கள். கோணலாகப் போனால் ரோல் தளர்ந்து ஓரத்தில் வெளிச்சம் ஏறும். அப்புறம் சிவப்பு ஜன்னலில் 1 வரும்வரை மெதுவாகச் சுற்றுங்கள். அதற்கு முன் புள்ளிகளும் குறிகளும் வரும், அவற்றைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள். தாண்டிவிட்டால் பின்னால் சுற்ற முடியாது.

காலி ஸ்பூலைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த ரோலைச் சுற்றிக்கொள்ள அதுதான் வேண்டும்.

6. படம் எடுக்கும் வரிசை

இந்த வரிசை மாறினால் படம் போகும்: கேமராவை விரி, பிலிமைச் சுற்று, அளவுகளை வை, ஷட்டரை இழுத்து வை, அழுத்து.

விரித்த பிறகு சுற்ற வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மடிப்புக் கேமரா வெடுக்கென்று விரியும்போது பெல்லோஸ் காற்றை உறிஞ்சும். அந்த இழுப்பில் பிலிம் முன்பக்கம் உப்பிக்கொண்டு வரும். முன்பே சுற்றி வைத்திருந்தால் அது உப்பியபடியே நிற்கும், படத்தின் நடுப்பகுதி மங்கும். விரித்தபின் சுற்றினால் பிலிம் மறுபடி இழுபட்டுத் தட்டையாகிவிடும். பொத்தானை அழுத்தி விடும்போது முன்பலகையைக் கையால் தாங்கி மெதுவாக இறக்குங்கள்.

பல மாடல்களில் ஒரே ஃபிரேமில் இரண்டு முறை எடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடு இல்லை. சுற்றினேனா இல்லையா என்ற சந்தேகம் கண்டிப்பாக வரும். ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து முடித்ததும் மடித்து வைப்பது, அடுத்த படத்துக்கு விரித்ததும் சுற்றுவது, இடையில் ஒருபோதும் சுற்றுவதில்லை. ஒரே இடத்தில் தொடர்ந்து எடுத்தால் சட்டைப்பையில் சிறு நோட்டு வைத்து ஒவ்வொரு படத்துக்கும் எண், இடம், அளவு குறியுங்கள். பின்னால் தவறைக் கண்டுபிடிக்க அந்த நோட்டுதான் உதவும்.

தூரத்தை நீங்களேதான் கணிக்க வேண்டும். வளையத்தில் இருப்பது அடியா மீட்டரா என்று முதலில் பாருங்கள். 10 என்ற எண் 10 அடியா 10 மீட்டரா என்பதில்தான் எத்தனையோ முகங்கள் மங்கிப்போகின்றன. 6-க்கு 6 கேமராவின் 75 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 16, 7 மீட்டர் என்று வைத்தால் சுமார் 3.5 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். கரைவலை இழுக்கிறவர்களை எடுக்க இந்த ஒரே அளவு போதும், கண்ணை எடுக்காமல் அழுத்திக்கொண்டே போகலாம். ஆளை நெருங்கி எடுப்பதாக இருந்தால் அடி வைத்து அளந்துகொள்ளுங்கள்.

7. மீட்டர் இல்லாமல் வெளிச்சம் கணிப்பது

நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பக்கத்தில் வரும் எண். 100 பிலிமுக்கு 1/100. இது ஊருக்குள். மணலும் நீரும் சேர்ந்து எதிரொளிக்கும் கரையில் ஒரு படி குறையுங்கள், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள்: 1/100 என்றால் எஃப் 22, 1/200 என்றால் எஃப் 16. உங்கள் ஷட்டரில் 25, 50, 200 மட்டும் இருந்தால் இரண்டாவது கணக்கு சரியாகப் பொருந்தும். மேகம் மூடினால் எஃப் 8, 1/50. படகு நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிறவருக்கும் அதேதான்; பின்னால் பளீரென்று கடல் இருக்கிறதே என்று குறைத்துவிடாதீர்கள், முகம் கரியாகிவிடும். சந்தேகம் வந்தால் ஒரு படி கூடுதலாகவே கொடுங்கள், நெகட்டிவ் பிலிம் அதைத் தாங்கும், குறைவாகக் கொடுத்தால் தாங்காது.

பழைய லென்ஸ்களில் எதிர்வெயில் பட்டால் படம் முழுக்கச் சாம்பல் படரும். இடது கையால் லென்ஸுக்கு மேல் நிழல் கொடுங்கள், விரல் படத்துக்குள் வராமல்.

8. எங்கே, எப்போது, என்ன கையில் வேண்டும்

ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தனுஷ்கோடியில் மணல் ஊசியாக அடிக்கும், பெல்லோஸ் மடிப்புக்குள் ஏறினால் எடுக்கவே முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், பெயின்ட் அடிப்பதும் மரவேலையும் நடக்கும், படம் எடுக்க அருமையான நாட்கள். காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

தனுஷ்கோடிக்கு ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 20 கிலோமீட்டர், சாலை நன்றாக இருக்கிறது. விடிந்தபின்தான் விடுவார்கள், இருட்டும் முன் வெளியேறச் சொல்வார்கள். நேரத்தைச் சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள், அஸ்தமனத்தை நம்பி ரோலை மிச்சம் வைக்காதீர்கள். ஆதார் நகலும் கேமரா வாங்கிய ரசீதும் பையில் இருக்கட்டும். பழைய கேமராவைப் பார்த்தால் என்ன கருவி என்று காவலர்கள் கேட்பார்கள். பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னால், உள்ளே பிலிம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு காலி ஸ்பூலை எடுத்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

எடுக்கக் கூடாத இடங்கள்: உச்சிப்புளி கடற்படை விமானத்தளம், மண்டபம் கடலோரக் காவல்படைப் பகுதி, இவற்றின் சுற்றுச்சுவரைக்கூட எடுக்காதீர்கள். மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களை எடுப்பதும் முறையல்ல. ராமநாதசுவாமி கோவிலுக்குள் கேமரா, செல்போன் எதுவும் போகாது, அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. படகுக்காரர் கூட்டிப்போகிறேன் என்றாலும் போகாதீர்கள், மாட்டுவது அவரும்தான். அலையாத்திக் காடு எடுக்க ஆசை என்றால் தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையே படகு விடுகிறது. பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தாதீர்கள். கீழே பாம்பன் கரைக்கு இறங்கினால் பாலம் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆட்களை எடுக்கும் முன் கேளுங்கள். பாசி எடுக்கப் போகும் அக்காமார் ஈரத்துணியோடு கரையேறும் நேரம் கேமராவைத் தூக்காதீர்கள். பாம்பனில் ஒரு பெரியவரிடம் "ஐயா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். "ஆர்மோனியப் பெட்டி மாதிரி விரியுதே, எடு தம்பி" என்றார். அவர் படம் அந்த 5-இல் ஒன்று.

9. உப்பு

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது: கைப்பம்பால் மணலை ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் போகும். உலோகப் பகுதிகளைச் சற்றே ஈரமான துணியாலும் உடனே காய்ந்த துணியாலும் துடையுங்கள். லென்ஸில் உப்புப் படலம் இருந்தால் முதலில் ஊதி, அப்புறம் மென்துணி. மணலோடு தேய்த்தால் கீறல் நிரந்தரம். பழைய தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் போடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அது போதும். சிலர் அரிசிக்குள் போட்டு வைக்கச் சொல்வார்கள். அரிசி மாவுத்தூசி ஷட்டருக்குள் போகும். பைக் டேங்க் பையிலும், வெயிலில் நிற்கும் காரிலும் ரோலை வைக்காதீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் பின்காகிதத்தின் எண்களே பிலிமில் பதிந்துவிடும், வானத்தில் மங்கலாக 7 என்று தெரியும்.

10. கழுவ அனுப்புவது, செலவு, நாள்

முடிந்த ரோலை இறுக்கிப் பிடித்து, பசைத்தாளை நனைத்து ஒட்டி, அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். தளர்ந்த ரோலில் ஓரம் கெட்டுவிடும். ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். 120 கழுவும் லேப் பெரிய நகரங்களில்தான். நான் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். போய்ச்சேர, கழுவ, ஸ்கேன் வர, நெகட்டிவ் திரும்பி வர மொத்தம் இரண்டு வாரம். கூடவே ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை ரோல், 120 அளவு, பிலிம் பெயர், கறுப்பு வெள்ளையா கலர் சி-41 முறையா, ஸ்கேன் எந்த அளவு, உங்கள் போன் எண். கடைசி வரியாக "நெகட்டிவ் திருப்பி அனுப்பவும்" என்று கட்டாயம் எழுதுங்கள். நான் எழுதாமல் விட்ட ஒரு ரோலின் நெகட்டிவ் இன்றுவரை கைக்கு வரவில்லை, ஸ்கேன் மட்டும்தான் இருக்கிறது.

எனக்கு ஆகும் கணக்கு: ரோல் 950, கழுவி ஸ்கேன் செய்ய 650, தபால் போக வர 200. ஆக 1,800 ரூபாய், 12 படத்துக்கு. ஒரு படம் 150 ரூபாய். 6-க்கு 9 கேமரா என்றால் அதே செலவில் ஒரு படம் 225.

வீட்டிலேயே கறுப்பு வெள்ளை கழுவலாமா என்று கேட்பீர்கள். கழுவலாம், ஆனால் ஐந்து ரோல் லேப்பில் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் தவறு கேமராவிலா கழுவியதிலா என்று தெரியாது. டெவலப்பர் என்ற கழுவும் ரசாயனத்தின் வழக்கமான சூடு 20 டிகிரி, நம் குழாயில் வருவது 30-ஐ ஒட்டி இருக்கும். ரசாயனப் பாட்டில்களை ஐஸ் போட்ட வாளியில் நிற்க வைத்து இறக்க வேண்டும். ஐஸ்கட்டியை டெவலப்பருக்குள்ளேயே போடாதீர்கள், நீர்த்துவிடும். கிணற்று உப்புத் தண்ணீரில் கடைசி அலசல் செய்தால் காய்ந்தபின் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். அதற்கு மட்டும் வடிநீர் ஒரு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், பேட்டரிக் கடையில் கிடைக்கும்.

நெகட்டிவ் வந்ததும் உறையில் தேதியும் இடமும் எழுதி அதே சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். நீங்கள் எடுத்த ஆளுக்கு ஒரு பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்து வைத்திருங்கள், அடுத்த முறை கரைக்குப் போகும்போது கொடுக்க. லேமினேஷன் இல்லாவிட்டால் அவர்கள் வீட்டு உப்புக்காற்றில் ஒரு வருடம்கூடத் தாங்காது.